காலில் இருந்த சிட்டு

ஓடிக்கொண்டிருக்கும் நான்கு தறிகளில் எதில் போல்ட் தளர்ந்திருக்கிறது என்பதை என் அம்மா உள்ளங்கையால் கண்டுபிடிப்பாள். தறிச் சட்டத்தின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடுவாள். செத்த நேரம் அப்படியே நிற்பாள். பிறகு மேஸ்திரியைக் கூப்பிடுவாள்.

"அண்ணாச்சி, இங்க வாங்க. அடிச்சட்டத்துல ரெண்டாவது. மரை பிடிக்கல."

மேஸ்திரி ஸ்பானரோடு குனிந்து பார்த்தால் அதே போல்ட் ஆடிக்கொண்டிருக்கும். "ஏந்தாயி, நீ எதுக்குத் தறி ஓட்டுத? பேசாம என் வேலையப் பாரு, நான் போயி வீட்டுல படுக்கேன்" என்பார்.

ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு ஷெட்டில் அம்மா பேண்டேஜ் துணி ஓட்டினாள். புண்ணுக்குச் சுற்றுகிறார்களே, அந்தச் சல்லடைத் துணி. எங்கள் பக்கத்தில் நிறையக் குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது. ஷெட்டுக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்த இரைச்சலுக்குள் ஒரு போல்ட்டின் ஆட்டத்தை எப்படித் தனியாகப் பிரித்தெடுக்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒம் பள்ளிக்கூடத்துல நூறு பிள்ள கத்தும்போது ஒன்ன மட்டும் யாரும் கிள்ளுனா ஒனக்குத் தெரியாதா?" என்றாள்.

மரை என்பது திருகின் உடம்பில் சுற்றிச் சுற்றி ஓடும் வரி. அது இரும்பைக் கவ்வினால்தான் போல்ட் நிற்கும். ஆனால் ஊரில் அந்தச் சொல்லை வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கு 'மரை கழண்டுவிட்டது' என்றால் யாரும் ஸ்பானர் எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். அம்மாவுக்கு அந்தச் சொல்லால் வந்த கஷ்டத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அய்யா வழியிலும் அம்மா வழியிலும் என் அளவுக்குப் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரும் இல்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றும் உண்டு, மறைக்க மாட்டேன். தெருவில் பட்டாளத்துக்காரர் வீட்டுக்குத் தந்தி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இங்கிலீஷில் எந்தத் தாள் வந்தாலும் முதலில் என் கைக்கு வரும். நான் வாசித்துச் சொல்லும்வரை சுற்றி நிற்பவர்கள் மூச்சுவிட மாட்டார்கள். பதினேழு வயதில் அப்படி ஒரு கூட்டம் நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

பாவு நூல் மாற்றுவதற்காக ஷெட் இரண்டு நாள் நின்றது. அந்த லீவில் அய்யனார் கோவிலுக்குப் போனோம். அங்கே ஆற்றில் குளித்து முடித்து, சாமி கும்பிட்டு, பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். தூக்குச்சட்டியைக் கழுவப்போன அம்மா பாசியில் கால்வைத்துவிட்டாள். சட்டி ஒரு பக்கம் உருண்டது, அம்மா மறுபக்கம். வலது கால் முழங்காலுக்குக் கீழே இருந்த விதத்தைப் பார்த்ததுமே அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தூக்கிவிட்டார். அம்மா அழவில்லை. "சட்டி தண்ணில போகுது, அத எடு" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரி இருந்தது. பத்துப் படுக்கை இருக்கும். பெயர் வேண்டாம், இப்போது அது அங்கே இல்லை. டாக்டர் இளவயதுக்காரர், மூக்குக் கண்ணாடி எப்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு இரண்டாக உடைந்திருக்கிறது, மாவுக்கட்டில் நிற்காது, ஆபரேஷன் செய்து ஸ்டீல் தகடு வைத்து ஆறு ஸ்க்ரூ போட வேண்டும் என்றார். அய்யா எங்கேயும் அதிகம் பேசமாட்டார். அம்மாதான் படுத்தபடியே கேட்டாள்.

"ஆறு போல்ட்டும் ஒரே நீளமா சார்?"

டாக்டர் சிரித்தார். "இல்லம்மா. எலும்பு ஒரு எடத்துல தடிமனா இருக்கும், ஒரு எடத்துல ஒல்லியா இருக்கும். இந்தப் பக்கம் உள்ள நுழைஞ்சு அந்தப் பக்கச் சுவரையும் பிடிக்கணும். ஒவ்வொரு ஓட்டையையும் அளந்துதான் போடுவோம்."

"அதான கேட்டேன்" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஏதோ மேஸ்திரிக்கு வேலை கொடுத்துவிட்டுப் படுத்தவள்போல் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் கட்டுப் பிரிக்க வந்த சிஸ்டரிடம் கையை நீட்டி, பிரித்த துணியின் சுத்தமான முனையைத் தடவிப் பார்த்தாள். "இது நம்ம ஊருத் துணி. ஊடை நூலு நெருக்கமே இல்ல. எவளோ பேசிக்கிட்டே ஓட்டிருக்கா" என்றாள். சிஸ்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மறுநாளிலிருந்து கட்டுப் போடும்போதெல்லாம், "இது எப்படி இருக்குக்கா, தேறுமா?" என்று அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் சுற்றினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் சுவரில் சாய்ந்து நின்று வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். கடைசி வரியில் 'இம்ப்ளாண்ட் இன் சிட்டு' என்று இருந்தது. அது எனக்குத் தெரியாத சொல். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"என்னட்டி நின்னுட்ட? என்ன போட்டிருக்கு?"

"இன் சிட்டு."

"சிட்டா?" அம்மா கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். "காலுக்குள்ள சிட்டையா வச்சுத் தச்சுப்புட்டாக? அதான் கொத்துது!"

வீடு சிரித்தது. அய்யாகூடச் சிரித்தார். எனக்குத்தான் கோபம். மறுநாள் பள்ளிக்கூட அகராதியில் தேடினேன். லத்தீன் சொல்லாம், 'அதற்குரிய இடத்திலேயே' என்று அர்த்தம். ஓடிவந்து சொன்னேன்: "எல்லாம் இருக்க வேண்டிய இடத்துல சரியா இருக்குன்னு போட்டிருக்கும்மா." பார்க்கப்போனால், 'சரியா' என்பது அந்தத் தாளில் இல்லை. அதை நானே சேர்த்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலை விட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு கூடிவருகிறது, மெல்ல வேலைக்குப் போகலாம் என்றார்கள். அம்மா தறிக்குத் திரும்பினாள். நான்கு தறிகளை ஓட்டுகிறவள் ஷிப்ட் முழுக்க நின்றபடிதான் இருக்க வேண்டும். தறிக்குத் தறி நடக்க வேண்டும்.

இரண்டாவது வாரத்தில் சிட்டு கொத்த ஆரம்பித்தது.

"மேலருந்து மூணாவது போல்ட்டு ஆடுதுட்டி" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். தலை நிமிராமல், "வலிக்கத்தாம்மா செய்யும்" என்றேன்.

"வலி வேற. இது ஆடுது. நான் காலை ஊனி எடுக்கும்போது மரை விட்டு விட்டுப் பிடிக்குது."

"பேப்பர்ல நல்லாருக்குன்னு போட்டிருக்கும்மா."

"பேப்பருக்கா காலு?"

"டாக்டர் எழுதுனது. அவிய படிச்சவிய. ஒனக்கு என்ன தெரியும்?"

இதைச் சொன்னது நான்தான். அம்மா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள், பிறகு ரசச்சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். அந்தச் சட்டி நகர்ந்த சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஷெட்டில் யாரோ கேட்டதற்கு, 'காலுல மரை கழண்டிருக்கு' என்று சொல்லிவிட்டாள். போதாதா? அன்று சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் சுற்றி வந்தது. "காலுலயா, மேலயா?" என்று தலையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு அத்தை இருந்தார். நல்ல மனுசி, அம்மா படுத்திருந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தவர். அவரே அய்யாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, மதினிக்குப் பிச்சி கிச்சி புடிச்சிரப் போகுது, தாயத்துக் கட்டுங்க" என்றார். பிச்சி என்றால் அவர்கள் பேச்சில் பைத்தியம். அய்யா வந்து அதை அம்மாவிடமே சொல்லிவிட்டார்; அவருக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அம்மா கேட்டாள்: "தாயத்தைக் காலுல கட்டணுமா, கழுத்துலயா? கழுத்துலன்னா வேண்டாம். போல்ட்டு கீழல்லா இருக்கு."

முதலாளி கெட்டவர் கிடையாது. ஆனால் தறி நின்றால் அவருக்கும் பொறுக்காது. அம்மா நொண்டி நொண்டிப் போய்ச் சேர்வதற்குள் இழை அறுந்த தறி வெறுமனே ஓடி, துணி பாழாகியிருந்தது இரண்டு மூன்று முறை. ஒருநாள் வீட்டுக்கே வந்தார்.

"ஒன்னால முடியலைன்னா ஒம்மவள அனுப்புத்தா. பரிச்ச முடிஞ்சுட்டுல்லா? ஒரு மாசத்துல பழகிருவா. வேலை ஒங்க வீட்டுலயே இருக்கும்."

நான் உள்ளே நின்று கேட்டேன். பரீட்சை முடிந்திருந்தது உண்மை. காலேஜ் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். அம்மா நிற்க முடியாவிட்டால் நான் நிற்க வேண்டும். அவ்வளவு எளிமையான கணக்கு அது.

"அவ வரமாட்டா முதலாளி. நான் நிப்பேன்" என்றாள் அம்மா.

மறுநாள் காலில் பழைய சேலைத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். துணியைப் பிரிக்கும்போது கீழ்க்காலின் உள்பக்கத்தில் தோல் ஒரு இடத்தில் மினுமினுத்து, சிவந்து, உள்ளேயிருந்து யாரோ சுண்டுவிரலால் தள்ளுவதுபோல இருந்தது. அய்யா அதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக இருந்தவர், மூன்றாம் மாதம் எடுத்த படத்தைத் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் கரெக்டா இருக்கு. பொம்பளைங்களுக்கு இப்படித்தான், ஆபரேஷன் பண்ணா அதையே நினைச்சுக்கிட்டு இருப்பாங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். அம்மா அந்த எக்ஸ்ரே படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, இங்க வா. கையக் கொண்டா."

என் உள்ளங்கையை எடுத்துத் தன் காலில் வைத்தாள்.

"கண்ண மூடு."

எனக்குக் கூச்சமாக இருந்தது. மூடினேன். அம்மா பாதத்தை மெல்லத் தரையில் அழுத்தி எடுத்தாள். சூடான தோல், அதற்குக் கீழே தகட்டின் விளிம்பு. வேறொன்றும் தெரியவில்லை. "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

"அவசரப்படாத. ஒன் கை ஓட்டம் நிக்கட்டும்."

மறுபடி அழுத்தினாள், எடுத்தாள். மறுபடி. எத்தனையாவது தடவை என்று நினைவில்லை. தீக்குச்சி முறிவது போன்ற ஒரு சின்ன 'டிக்'. என் கைக்குள்ளே. கையை உதறிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்கவில்லை. "சிட்டு பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

எழுந்துபோய் எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எலும்பின் மேல் தகடு வெள்ளையாக இருந்தது. அதில் ஆறு வட்டப் பொட்டுகள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல். அம்மா நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தாள். அதுவரை அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்து யாரும் அவளுக்குக் காட்டியதில்லை.

"இதுதான் போல்ட்டா?"

"ஆமா. ஆறும் இருக்கு பாரு."

"இது தலைல்லா?" என்றாள். "போல்ட்டுத் தலையப் பாத்து நீளம் சொல்ல முடியுமா? இதத் தகட்டுக்கு நேரா நின்னு எடுத்திருக்காக. வெலாப் பக்கமா நின்னு பாத்தாத்தான எது உள்ள போயிருக்கு, எது போகலைன்னு தெரியும்?"

பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவள் நான். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தால் நிழல் எப்படி விழும் என்று படம் வரைந்து மார்க் வாங்கியவள். இத்தனை நாள் அந்தப் படத்தை நான் ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. தாளில் எழுதியிருந்தது போதும் என்று இருந்துவிட்டேன்.

டாக்டர் ஊர் திரும்பியதும் நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். டாக்டரிடம் இங்கிலீஷில் கேட்டால் மரியாதையாகக் கேட்பார் என்பது என் எண்ணம். அறைக்குள் போனதும், அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "என்னம்மா?" என்றதும் என் வாக்கியத்தில் முதல் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஓடிப்போய்விட்டது. "சார்..." என்று நின்றேன்.

"அவ கெடக்கா சார், நான் சொல்லுதேன்" என்றாள் அம்மா. "மேலருந்து மூணாவது போல்ட்டு மரை பிடிக்கல. இந்தப் படத்துல தலை மட்டுந்தான் தெரியுது. தகடு காலு உள்பக்கத்துல இருக்கு, அதனால இன்னொரு படம் முன்னாலருந்து எடுங்க. அதுல நீளம் தெரியும். நான் சொல்லுதது தப்பா இருந்தா, எனக்குக் கோட்டின்னு எழுதிக் குடுத்துருங்க, நான் வாங்கிக்கிடுதேன்."

எங்கள் பக்கத்தில் கோட்டி என்பதும் பைத்தியம்தான். வாசலில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்து அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தார், சிவந்திருந்த இடத்தில் விரலை வைத்துப் பாதத்தை ஆட்டச் சொன்னார். பிறகு படம் எடுக்கச் சொல்லி எழுதினார்.

படம் ஈரம் சொட்டச் சொட்ட வந்தது. விளக்குப் பெட்டியில் மாட்டினார். எனக்கே பார்த்ததும் புரிந்தது. ஐந்து ஸ்க்ரூ எலும்பின் ஒரு சுவரில் நுழைந்து மறு சுவர்வரை நீளமாகப் போயிருந்தன. மூன்றாவது பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதைச் சுற்றி ஒரு கருப்பு வளையம். தலை தகட்டைவிட்டு எழும்பி நின்றது.

டாக்டர் வெகுநேரம் திரும்பவில்லை. அந்த முதுகைப் பார்த்தபடி நான் பயந்துகொண்டிருந்தேன். என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறாரோ, கனமான எதையாவது தூக்கினாயா என்று அம்மாமேல் திருப்பிவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் திரும்பி, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க சொன்னது சரி. அது நீளம் குறைஞ்ச ஸ்க்ரூ. தப்பு என்னோடது. எலும்பை நான் அளந்தேன். அளவையும் சொன்னேன். ஆனா கைக்கு வந்ததைத் திரும்ப அளந்து பாக்கல. தட்டுல மாறியிருக்கு. நான் கவனிச்சிருக்கணும்."

கதவு திறந்தே இருந்தது. வெளியே இருந்தவர்களுக்கும் அது கேட்டிருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ படித்தவர்களைப் பார்த்துவிட்டேன். இப்படித் திறந்த கதவுக்கு முன்னால் சொன்னவர்கள் மிகக் குறைவு.

அம்மா தலையை ஆட்டினாள். "நூல் தார் மாத்திப் போட்டு நானும் எம்புட்டோ துணியக் கெடுத்திருக்கேன் சார். அத அத்துப் போட்டுரலாம், காலை அப்படிச் செய்ய முடியாதுல்லா? சொன்னியளே, அதுக்குச் சந்தோசம். இப்ப என்ன செய்யணும்?"

"தோல் கிழிஞ்சா சீழ் வச்சிரும். அதுக்கு முன்னால திறந்து அதை மாத்தணும். சின்ன ஆபரேஷன்தான்."

"மாத்துங்க. ஆனா பழைய பருமன்ல போடாதிய. ஓட்டை மரை தேஞ்சு போயிருக்கும், நிக்காது."

டாக்டருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "பருமனாத்தாம்மா போடப்போறேன்."

"இன்னொண்ணு. இப்பச் சொன்னத எழுதிக் குடுங்க."

சிஸ்டர் அம்மாவின் கையைப் பிடித்து, "அக்கா, அதெல்லாம் எதுக்கு" என்றாள். வழக்குப் போடுவதற்குக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள் போலும். டாக்டரின் முகமும் கொஞ்சம் மாறியது.

அம்மா என்னைக் காட்டினாள். "எனக்கு ஒண்ணுமில்ல சார். எம்மவ பேப்பர்ல இருந்தாத்தான் நம்புவா. அவளுக்குத்தான்."

டாக்டர் என்னையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து எழுதினார். மூன்றாவது ஸ்க்ரூ நீளம் குறைவாகப் போடப்பட்டுத் தளர்ந்துள்ளது, நோயாளி சொன்னதன் பேரில் கண்டறியப்பட்டது, மாற்ற வேண்டும். கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "வாசிம்மா, உங்க அம்மாவுக்கு" என்றார்.

வாசித்தேன். தமிழிலும் சொன்னேன். இந்த முறை என் சொந்தச் சொல் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. 'நோயாளி சொன்னதன் பேரில்' என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தேன். அம்மா, "என்னட்டி, எழுத்து சரியில்லையா?" என்று கேட்டாள். வேண்டுமென்றுதான் கேட்டாள். அவளுக்கு அப்படி ஒரு குசும்பு உண்டு.

அதற்கு அடுத்த வாரம் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். அதனால் அம்மா முழித்துக்கொண்டிருந்தாள். நானும் அய்யாவும் வெளியே பெஞ்சில் இருந்தோம். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஆபரேஷன் அறைக்குள் சிரிப்பு என்றால் நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அய்யா எழுந்து நின்றுவிட்டார். பிறகு சிஸ்டர் வந்து சொன்னாள். பழைய ஸ்க்ரூவைக் கழற்றியதும், "புதுசை அளந்தாச்சா?" என்று துணித்திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா கேட்டிருக்கிறாள். டாக்டர் அளந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். கொடுத்தவர் திருப்பிச் சொல்லியிருக்கிறார். அதோடு விட்டாளா? புதியதோடு மற்ற ஐந்தையும் ஒரு தடவை முடுக்கிப் பார்க்கச் சொன்னாளாம்.

"வரிசையா முடுக்காதிய சார். ஒண்ணு விட்டு ஒண்ணு. அப்பத்தான் தகடு ஒரே சீராப் படியும்."

"அப்படித்தாம்மா செய்யறேன். ஒண்ணு, மூணு, அஞ்சு."

"பொறவு?"

"ரெண்டு, நாலு, ஆறு."

"ம். சரி."

அந்த 'சரி'க்குத்தான் உள்ளே அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் ஸ்க்ரூ போடும்போதெல்லாம் அளவைச் சொல்கிறவரும் கொடுக்கிறவரும் சத்தமாகச் சொல்லிக்கொள்வார்கள் என்று சிஸ்டர் பிற்பாடு என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் அதைச் சொன்னேன். "இதக்கூடவா அதுவரைக்கும் செய்யாம இருந்தாக?" என்று ஆச்சரியப்பட்டாள்.

அம்மா படுத்திருந்த வாரங்களில் முதலாளி ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை. மேஸ்திரி அவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அம்மாவின் நான்கு தறிகளையும் பக்கத்துத் தறிப் பெண்கள் ஆளுக்கொன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். தாயத்துக் கட்டச் சொன்ன அத்தை கஞ்சியோடு வந்து, "மதினி, என் தையல் மிசின் சத்தம் போடுது. கால் சரியானதும் வந்து ஒரு தடவை கைய வச்சுப் பாரேன்" என்றார். அம்மா அதற்காகக் காத்திருக்கவில்லை. "மிசினை இங்க தூக்கிட்டு வா" என்றாள்.

நான் காலேஜில் சேர்ந்தேன். முதல் நாள் அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள். அவள் காலுக்காக நான் மெதுவாக நடந்தேன். அவள்தான், "வெரசா நட, பஸ்ஸு போயிரும்" என்று முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் நடந்தபடி அவள் வலது காலையே பார்த்தேன். ஊன்றுவதும் எடுப்பதும் இடது காலைப் போலவே இருந்தது.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். நிழல் பாடம் வரும்போது ஒரு போல்ட்டை மேஜைமேல் நிறுத்தி, மேலிருந்து ஒரு விளக்கு, பக்கத்திலிருந்து ஒரு விளக்கு என்று காட்டுவேன். எங்கே கற்றேன் என்று பிள்ளைகளிடம் மறைப்பதில்லை.

காலில் தகடு வைத்துப் பல வருடம் ஆகிவிட்டது, வேண்டுமானால் எடுத்துவிடலாம், வந்து காட்டுங்கள் என்று போன வருடம் அந்த டாக்டர் சொல்லியனுப்பினார். இப்போது வேறொரு இடத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நானும் அம்மாவும் போனபோது முடி நரைத்திருந்தது, கண்ணாடி மட்டும் அதேபோல் வழுக்கியது. இந்த முறை யாரும் சொல்லாமலே இரண்டு பக்கமும் படம் எடுத்திருந்தார்கள். அதை மாட்டி, ஆறு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாக அம்மாவுக்குக் காட்டினார்.

"எடுத்துரலாமாம்மா?"

அம்மா காலை நீட்டி, உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். கண்ணை மூடினாள். நானும் டாக்டரும் காத்திருந்தோம்.

"வேண்டாம் சார்" என்றாள் கண்ணைத் திறந்து. "கெடக்கட்டும். இன் சிட்டு."

டாக்டர் பேனாவை எடுத்து அதையே எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.